பலகை மூலையில் ஒரு டிக்

பெரியவனின் காதைப் பற்றித் தெரியாதவர்கள் அந்த மர டிப்போவில் யாரும் கிடையாது. பிளைவுட் ஷீட்டை நிமிர்த்தி நிறுத்தி, நடுவிரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தலையை லேசாகச் சாய்ப்பான். அவ்வளவுதான். உள்ளே எந்த இடத்தில் அடுக்கு விட்டுப்போயிருக்கிறது, எங்கே பசை பிடிக்கவில்லை என்று திறந்து பார்த்தவன் மாதிரி சொல்லிவிடுவான். டிப்போக்காரர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'காது வந்தாச்சு, வழியை விடுங்கப்பா' என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் பெரியவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அவன் தொழில், காரின் டிக்கியில் வைக்கும் சப்வூஃபருக்குப் பெட்டி செய்வது. பாட்டின் அடியில் ஓடும் அந்தத் தும் தும் என்ற இடியை எழுப்புகிற பெரிய ஸ்பீக்கருக்குப் பெட்டிதான் உயிர். பெட்டி சரியில்லை என்றால் எவ்வளவு உசத்தியான ஸ்பீக்கரும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போலத்தான் ஒலிக்கும். பெட்டி சரியாக இருக்கப் பலகை சரியாக இருக்க வேண்டும். அதனால் மற்றவர்கள் நகையைப் பூட்டி வைப்பது போல இவன் காதைப் பூட்டி வைத்திருந்தான். ரம்பம் ஓடினால் காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் மூடி. பட்டறையில் எல்லாரும் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவான்.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. தட்டிப் பார்த்துத் தேறிய ஷீட்டில், நான்கு மூலைகளில் எது அதிகக் கெட்டியோ அந்த மூலையில் சாக்பீஸால் ஒரு டிக் போடுவான். பெட்டியின் முகப்பை, அதாவது ஸ்பீக்கர் வந்து உட்காருகிற முன்பலகையை, அந்த மூலையிலிருந்துதான் வெட்ட வேண்டும். அடி முழுக்க வாங்குவது முகப்புதானே. அவன் டிக் போட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. அவன் தம்பி கூடக் கேட்க மாட்டான்.

தம்பிதான் பெரியவனின் தீராத வயிற்றெரிச்சல். எல்லாருக்கும் அவன் சின்னவன். நாற்பத்து நான்கு வயதாகியும் சின்னவன்தான். பதினான்கு வருடம் இரண்டு பேரும் ஒரே பட்டறையில் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் சின்னவன் தனியாகப் போய் இரண்டு தெரு தள்ளிக் கண்ணாடிக் கதவு வைத்த கடை திறந்தான். சண்டை ஒன்றும் போடவில்லை. சண்டை போட்டுப் போயிருந்தாலாவது பெரியவனுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். 'நீ சொன்னா போறேண்ணா' என்று வந்து நின்றான். போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்தக் கடையில் ஏ.சி. உண்டு. காத்திருப்பவர்களுக்குக் காபி மெஷின் உண்டு. வெட்டுவதற்கு முன்பே பெட்டியைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுகிற வித்தை உண்டு. பெரியவனின் பட்டறையில் மரத்தூளும், ஒரு கால் ஆடுகிற ஸ்டூலும், போன வருடக் காலண்டரும் உண்டு. சின்னவனுக்குத் தலைமுடி கொட்டவில்லை. சின்னவனின் மகள் கலந்துகொண்ட போட்டியிலெல்லாம் பரிசு வாங்கினாள். சின்னவனுக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், அக்கா மாத்திரையோடு வீட்டு வாசலில் நிற்பாள். பெரியவன் முதுகு பிடித்து மூன்று நாள் படுத்திருந்தபோது 'வெந்நீர் ஒத்தடம் குடுடா' என்று போனில் சொன்னாள். மூன்று நாள். போனில். இந்தக் கணக்கையெல்லாம் அவன் ஒன்றுகூட விடாமல் மனதில் வைத்திருந்தான்.

அவனுக்கென்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. சின்னவன் எவ்வளவு பெரிய கடை வைத்தாலும் பலகை எடுக்க மட்டும் அண்ணனிடம்தான் வர வேண்டும். மீட்டர், மெஷின் எல்லாம் வைத்திருந்தவனுக்கு அந்தத் தட்டு மட்டும் வாய்க்கவில்லை. 'பலகை மட்டும் பாத்துக் குடுண்ணா' என்று அவன் வந்து நிற்கும்போது பெரியவன் வேண்டுமென்றே கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக எழுந்து, மெதுவாகச் செருப்பைத் தேடுவான். செருப்பு காலில்தான் இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா கார் வாங்கினாள்.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். பத்தொன்பது வருடமாக, ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் ஒரு தனி பிரேக்கோடு உட்கார்ந்து பிழைத்தவள். ஐம்பத்து மூன்று வயதில் தனக்கென்று ஒரு பழைய சின்ன காரை வாங்கி, அதை நேராகப் பெரியவனின் பட்டறை வாசலில் கொண்டு வந்து நிறுத்தினாள். ஹாரனை இரண்டு முறை அடித்தாள்.

"பெரியவனே, வெளிய வாடா. பாரு உன் அக்காவோட வண்டியை."

பெரியவன் சுற்றி வந்து பார்த்தான். டிக்கியைத் திறந்து ரப்பரை விரலால் அழுத்தினான். "ரப்பர் தேஞ்சிருக்குக்கா. மழை பேஞ்சா தண்ணி உள்ள வரும்."

"வரட்டும். எனக்கு இதுல ஒரு சப்வூஃபர் வேணும்."

பெரியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கா?"

"ஏன், எனக்குக் காது இல்லையா? பத்தொன்பது வருஷம் பாட்டே போடாத வண்டியில உக்காந்திருக்கேன்டா. படிக்கிறவன் கவனம் சிதறும்னு ரேடியோவையே கழட்டி வச்சிட்டாங்க. கிளட்ச் கிறீச்சுங்கறதும், அவன் 'ஐயோ டீச்சர்'ங்கறதும்தான் நான் கேட்ட பாட்டு. இனிமே நெஞ்சுல வந்து இடிக்கணும். கண்ணாடி அதிரணும்."

பெரியவனின் நெஞ்சு அப்போதே இடிக்க ஆரம்பித்துவிட்டது. அக்கா முதலில் இங்கே வந்திருக்கிறாள். கண்ணாடிக் கதவுக் கடைக்குப் போகவில்லை. அளவு எடுக்க டேப்பைக் கூட இழுத்துவிட்டான். எடை கம்மியாக இருக்க வேண்டும், சின்ன வண்டி. தண்ணீர் வருகிற டிக்கி என்பதால் மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை கூடாது, இரண்டே மழையில் ஊறி உப்பிவிடும். பிர்ச் மரத்தில் செய்த பிளைவுட், பிர்ச் பிளைதான் சரி, பதினெட்டு எம்.எம்., பதின்மூன்று அடுக்கு. மனதுக்குள் பெட்டி பாதி முடிந்துவிட்டது.

"பலகை நீ எடுத்துடு. பெட்டி சின்னவன் செய்யட்டும்," என்றாள் அக்கா.

டேப் சர்ரென்று சுருண்டு அவன் விரலில் அடித்தது.

"ரெண்டு பேரும் சேந்து செஞ்ச மாதிரி இருக்கும்ல? நாலு வருஷமாச்சு, ரெண்டு பேர் கையும் ஒரு சாமான்ல பட்டு. என்னடா, சரிதானே?"

"சரிக்கா," என்றான் பெரியவன். வேறு என்ன சொல்ல முடியும்? அவன் காதில் விழுந்ததெல்லாம் 'பெட்டி சின்னவன் செய்யட்டும்' என்ற மூன்று சொற்கள்தான். மற்றதெல்லாம் அவள் மரியாதைக்குச் சொன்னது என்று முடிவு கட்டிவிட்டான். சுமைக்கு நான், பெயருக்கு அவன். வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாம் 'யார் செஞ்சது?' என்று கேட்பார்கள், அக்கா 'என் சின்னத் தம்பி' என்பாள். பலகை எடுத்தது யார் என்று எவன் கேட்கப் போகிறான்? அன்றைக்கு முழுவதும் அவனுக்கு எதிலும் கை ஓடவில்லை.

மறுநாள் காலை டிப்போவுக்குப் போனான். டிப்போக்காரர் வழக்கம் போல 'காது வந்தாச்சு' என்றார். அன்று அதில் குளிர்ச்சி இல்லை. வேறு ஆளே இல்லாத நேரம். பிர்ச் பிளை புதிதாக வந்து அடுக்கி இருந்தது. நல்ல சரக்கு. முதல் ஷீட்டைத் தட்டினான், டக். இரண்டாவது, டக். மூன்றாவதைத் தட்டியதும் அவனுக்கே புன்னகை வந்தது. அப்படி ஒரு கெட்டியான, உருண்டையான டக். ஓரத்தைப் பார்த்தான். பதின்மூன்று அடுக்கும் கோடு போட்ட நோட்டு மாதிரி இருந்தது. அக்கா வண்டிக்கு இதுதான் என்று தனியே சாய்த்து வைத்தான்.

அதோடு போயிருக்கலாம். கை சும்மா இருக்காமல் அடுத்ததையும் தட்டியது. மூன்று மூலையில் டக். நான்காவது மூலையில், ஓரத்திலிருந்து முக்கால் அடி உள்ளே, டொப்.

பொக்கு. உள்ளங்கை அகலம் இருக்கும். உள்ளே ஏதோ ஓர் அடுக்கில் ஒட்டுத் துண்டு எட்டாமல் விட்டுப்போன இடைவெளி. பிர்ச்சில் இது நூற்றில் ஒன்று கூட வராது. மேலே தடவினால் கண்ணாடி போல வழவழப்பு. ஓரத்தில் பார்த்தாலும் தெரியாது. ஆனால் ஸ்பீக்கர் இடிக்க ஆரம்பித்ததும் அந்த இடம் உள்ளுக்குள் துடித்துக் கிர்ர் என்று ஒரு சத்தம் எழுப்பும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாத சத்தம். கேட்பவர்கள் பெட்டி செய்தவனைத்தான் சொல்வார்கள்.

பெரியவன் அந்த ஷீட்டின் முன் கொஞ்ச நேரம் நின்றான். மனதில் அக்கா வண்டி ஓடியது. கிர்ர். 'என்னடா சின்னவனே, ஏதோ கத்துது?' சின்னவன் முழங்காலிட்டு டிக்கிக்குள் தலையை விட்டுத் தேடுகிறான். அவிழ்க்கிறான், பூட்டுகிறான். மறுபடியும் கிர்ர். அக்காவின் முகம் சுருங்குகிறது. 'பேசாம பெரியவன்கிட்டயே குடுத்திருக்கலாம்.' அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனுக்கு நாக்கில் நீர் ஊறியது.

பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்தான். பொக்கு இருந்த அதே மூலையில் டிக் போட்டான். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அவனைப் பற்றிக் கொஞ்சம் நல்ல விதமாகச் சொல்லலாம், நடுங்கவில்லை.

"இதை ஏத்துங்க," என்றான். "தம்பி கடைக்கு."

"அந்தச் சாச்சு வச்சது?" என்றார் டிப்போக்காரர்.

"அது இருக்கட்டும்."

பத்து நாள் கழித்துப் பெட்டி தயார். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வண்டியோடு வந்து ஹாரன் அடித்தாள். சின்னவன் பின்சீட்டில் இருந்தான். பெரியவனை முன்னால் உட்கார வைத்தார்கள். பத்து நாளும் இந்த ஒரு நிமிடத்தை நினைத்தே அவன் சாப்பிட்டான், தூங்கினான். அக்கா பொத்தானை அழுத்தினாள்.

தும்.

இருக்கை வழியாக முதுகுத்தண்டில் ஏறி, விலா எலும்பைச் சுற்றி வந்து நெஞ்சில் நின்றது. அடுத்த தும் வருவதற்குள் முதல் தும் சுத்தமாக அடங்கியிருந்தது. இழுவை இல்லை, முனகல் இல்லை. கிர்ர் இல்லவே இல்லை. பெரியவன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். சத்தத்தைக் கூட்டச் சொன்னான். இன்னும் கூட்டச் சொன்னான். கண்ணாடி அதிர்ந்தது, அக்காவின் வளையல் அதிர்ந்தது. பெட்டி மட்டும் வாயை மூடிக்கொண்டு தன் வேலையைச் செய்தது.

"என்னமா செஞ்சிருக்கான் பாருடா!" என்று அக்கா ஸ்டியரிங்கில் தாளம் போட்டாள். அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகு நினைவு வந்தவள் போல, "பலகையும் நல்ல பலகை," என்றாள்.

'பலகையும்' என்றதில் இருந்த அந்த 'உம்' பெரியவனைச் சுட்டது.

வண்டி நின்றதும் டிக்கியைத் திறந்து, பாராட்டுகிற மாதிரி பெட்டியைத் தடவி, முகப்பில் அந்த இடத்தை முட்டியால் தட்டினான். டக். கல் மாதிரி. பொக்கு இருந்த இடம் நிரம்பியிருந்தது. அப்படியானால் சின்னவனுக்குத் தெரியும். பெரியவன் மெல்லத் திரும்பினான். சின்னவன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. முகம் தொங்கிப்போய், யாரோ செத்த வீட்டிலிருந்து வந்தவன் மாதிரி இருந்தான். பெரியவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் சின்னவன் இரண்டு முறை பட்டறைக்கு வந்தான். இரண்டு முறையும் நேர் எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, "சாப்...டி...யாண்ணா?" என்று உரக்கக் கேட்டான். அக்கா போனில் கத்தினாள். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஏங்கா கத்துறே?" என்றதற்கு, "கேக்குதாடா? நல்லா கேக்குதா?" என்று இன்னும் கத்தினாள்.

சனிக்கிழமை அக்கா வந்து, "வண்டியில ஏறு, ஒரு இடத்துக்குப் போகணும்," என்றாள். சின்னவன் ஏற்கெனவே பின்னால் இருந்தான். பாதி வழியில்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதே. காது டெஸ்ட்டுக்குப் போறோம்."

"யாருக்கு?"

"உனக்குத்தான். சின்னவன் எல்லாத்தையும் சொல்லிட்டான்."

பெரியவனின் முகத்தில் ஈயாடவில்லை. சின்னவன் முன்னால் குனிந்து அவன் தோளில் கை வைத்தான்.

"ஸ்பீக்கருக்கு ஸ்க்ரூ இறக்கறப்ப ட்ரில் திடீர்னு உள்ள விழுந்துச்சுண்ணா. பொக்கு. நீ டிக் போட்ட மூலையிலேயே. ஊசியால எபாக்ஸி பசை ஏத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ரெண்டு நாள் காய வச்சேன். வேற ஷீட் வாங்கியிருக்கலாம். வாங்கினா டிப்போவுல ஏன்னு கேப்பாங்க. காதுக்கே தப்பிப்போச்சான்னு பேசிக்குவாங்க. அதான் யார்கிட்டயும் மூச்சு விடல. அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"முப்பது வருஷம் ரம்பத்துக்குப் பக்கத்துல நிக்கறவன்," என்றாள் அக்கா. "பஞ்சு வச்சா மட்டும் போதுமா? இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லடா. காதுக்கு மெஷின் வச்சிக்கலாம். அதுவரைக்கும் டிப்போவுக்குச் சின்னவனும் கூட வரட்டும். நீ தட்டு. அவனும் ஒரு தட்டு தட்டிப் பாக்கட்டும்."

அண்ணன் வேண்டுமென்றே செய்திருப்பான் என்பது அந்த இரண்டு பேருக்கும் கனவில் கூடத் தோன்றவில்லை. டிக் பொய் சொல்லாது, ஆகவே காதுதான் கெட்டுப்போயிருக்க வேண்டும். இதுதான் சின்னவன் போட்ட கணக்கு. பெரியவன் தப்பித்துவிட்டான். தப்பித்த நிம்மதி ஒரு சிக்னல் தூரம் கூடத் தாங்கவில்லை. 'அவனும் ஒரு தட்டு தட்டிப் பாக்கட்டும்' என்பது முள்ளாகக் குத்தியது.

காது பரிசோதிக்கும் அறையில் ஒரு பெரிய பீரோ மாதிரி ஒரு கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. பரிசோதிக்கிற பெண் அவன் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"சத்தம் வரும். எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அழுத்துங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. சரியா சார்?"

கதவு மூடியது. எதிரே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் தன் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் அக்காவும் சின்னவனும் நின்றார்கள்.

முதல் சத்தம் வந்தது. பூ என்று ஒரு மெல்லிய நூல். பெரியவன் அழுத்தவில்லை.

அழுத்தினால் காது நல்ல காது என்று ஆகும். காது நல்ல காது என்றால் அந்தப் பொக்கு அவனுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டும் டிக் போட்டிருக்கிறான். அதற்கு மேல் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? பேசாமல் செவிடனாகவே இருந்துவிடலாம். இரண்டாவது சத்தம், இன்னும் கொஞ்சம் பலமாக. அழுத்தவில்லை. மூன்றாவது. அழுத்தவில்லை. அந்தப் பெண் எதையோ குறித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். அக்கா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். காது போனது பெரியவனுக்கு, ஆறுதல் சின்னவனுக்கு! கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த வாரமே சின்னவன் டிப்போவில் ஷீட்டை நிமிர்த்தித் தட்டுவான். முதலில் ஒன்றும் தெரியாது. மாதம் போனால் தெரிந்துவிடும். அவனுக்கு எதுதான் வராமல் போயிருக்கிறது? ஒருநாள் அவன் உள்ளே நுழையும்போது டிப்போக்காரர் சொல்வார், 'காது வந்தாச்சு, வழியை விடுங்கப்பா.'

அதை மட்டும் பெரியவனால் தாங்க முடியாது. கடை போகட்டும், காபி மெஷின் போகட்டும், அக்கா கூடப் போகட்டும். அந்தப் பெயரை அவனுக்குக் கொடுக்க முடியாது. இதையும் கொடுத்துவிட்டு எதை வைத்துக்கொண்டு உட்கார்வது?

அடுத்த சத்தம் வந்தது. பெரியவன் பொத்தானை அழுத்தினான். அடுத்ததுக்கும் அழுத்தினான். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ கோளாறு என்று நினைத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். தாழ்ந்த சத்தம், உயர்ந்த சத்தம், கொசுவின் மூச்சு போல ஒன்று, அதற்கும் கீழே ஒன்று. வலது காது, இடது காது. ஒன்று விடாமல் அழுத்தினான். அழுத்த அழுத்த அவனுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் ஏறியது. பார்த்துக்கொள்ளட்டும், எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தப் பெண் கூண்டைத் திறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "சார், முதல்ல விளையாடினீங்களா? உங்க வயசுல இப்படி ஒரு காதை நான் பாத்ததில்லை. இருபது வயசுப் பையன் காது!"

சின்னவன் ஓடி வந்து அவனைக் கட்டிப்பிடித்தான். "அண்ணா! ஒண்ணுமில்லண்ணா! காது நல்லா இருக்குண்ணா!" அவன் உடம்பெல்லாம் சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னான், வாசலில் நின்ற காவலாளிக்குக் கூட நன்றி சொன்னான். பெரியவன் மரக்கட்டையாக நடந்தான்.

வண்டி நிற்கும் இடம் வரை அந்தச் சிரிப்பு இருந்தது. பின்கதவில் கை வைத்தபோது சின்னவனின் சிரிப்பு மெதுவாக நின்றது. அளந்து வெட்டுகிற ஆள் அவன். ஒரு அளவு உதைக்கிறது என்பது அவனுக்குப் பட்டுவிட்டது.

"அப்ப அந்த ஷீட்டு?" என்றான்.

அக்காவையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டிப்போவுல அன்னைக்குப் பலகை தூக்குற ஃபோர்க்லிஃப்ட் ஓடிட்டு இருந்திருக்கும். இல்லண்ணா? அந்தச் சத்தத்துல..." பதிலையும் அவனே எடுத்துக் கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். அக்கா சாவியை விரலில் வைத்துக்கொண்டு பெரியவனைப் பார்த்தாள். அவள் கண்ணும் 'ஆமான்னு சொல்லுடா' என்றுதான் கெஞ்சியது.

ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்குத் தோற்கிற காதா அவன் காது? தம்பி கையால் ஒரு சாக்குப்போக்கை வாங்கிக்கொண்டு காலம் முழுக்க அவனுக்குக் கீழே நிற்பதா? அதற்கும் அவன் பொறாமை இடம் கொடுக்கவில்லை.

"ஓடல," என்றான் பெரியவன். "கேட்டுச்சு."

சின்னவன் புரியாமல் நின்றான். புரிந்ததும் அவன் கை கதவிலிருந்து கீழே விழுந்தது.

"ஏண்டா?" என்றாள் அக்கா. குரல் மேலே எழவே இல்லை.

"பெட்டி அவன் செய்யட்டும்னு சொன்ன."

"ஆமா, சொன்னேன். பெட்டியை எவன் வேணா செஞ்சிடுவான், பலகைதான் விஷயம்னு நீதானேடா எப்பவும் சொல்லுவே? அதனாலதானேடா முதல்ல உன்கிட்ட வந்தேன்."

சின்னவன் தரையைப் பார்த்தபடி, "நான் பத்து நாளா சரியா தூங்கலண்ணா," என்றான். "உன் காது போச்சேன்னு." திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பெரியவனுக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். நல்லவனாக இருப்பதிலும் அவனே முந்திக்கொண்டான் என்ற எரிச்சல், அந்த நேரத்திலும், வெட்கமில்லாமல் உள்ளே எட்டிப் பார்த்தது.

அக்கா வண்டியில் ஏறினாள். தம்பிகள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெட்டி. அக்காவின் விரல் பாட்டுப் பொத்தான் வரைக்கும் போய், அழுத்தாமல் ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தது போலவே நேராக உட்கார்ந்து, பாட்டில்லாமல் ஓட்டினாள்.

பெரியவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணாடி ஏற்றியிருந்தது, வண்டிக்குள் அவ்வளவு அமைதி. அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பக்கத்தில் சின்னவன் எச்சிலை விழுங்குவது கேட்டது. கொஞ்சம் பொறுத்து அவன் மூச்சு உடைந்து உடைந்து வருவதும் கேட்டது. வீடு வரைக்கும் பெரியவனுக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.